ஒட்டுப்போடுவதா, இடித்துக் கட்டுவதா? ஒரு சூளையின் கூரை இறங்கியபோது

போன சித்திரையில் சூளை பிரித்தபோது, மேல்தட்டில் இருந்த பதினொரு கிண்ணங்களில் ஏழில் செங்கல் துணுக்கு விழுந்து, கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சோடு உருகி உட்கார்ந்திருந்தது, பாயசத்தில் முந்திரி மாதிரி. தலையை உள்ளே விட்டு, டார்ச் அடித்து அண்ணாந்து பார்த்தேன். வளைவின் உச்சியில் இரண்டு வரிசைக்கு நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

அன்று சாயங்காலமே நூல் பிடித்து அளந்தேன். வளைவு புறப்படுகிற இரண்டு பக்கத்துச் சரிவுக்கற்களுக்கும் குறுக்கே நூலை இழுத்துக் கட்டி, அதிலிருந்து உச்சி எவ்வளவு மேலே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 2009-இல் கட்டும்போது மூன்றடி அகலத்துக்கு நாலரை அங்குலம் எழுப்பியிருந்தோம். அடிக்கு ஒன்றரை அங்குலம் என்பது இந்த மாதிரி வளைவுக்கு எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. இப்போது நின்றது மூன்று அங்குலம்தான். செங்கல் சுருங்கிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. சரிவுக்கற்கள் இரண்டும் சேர்ந்து முக்கால் அங்குலம், ஜோடிக்கு ஒரு விரல் தடிமன், வெளியே விலகினால் போதும். இவ்வளவு தட்டையான வளைவு ஒன்றரை அங்குலம் இறங்கிவிடும். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வளைவின் தள்ளுதலைத் தாங்கிப் பிடிக்கிற ஆங்கிள் இரும்பு மூலையில் பப்படம் போல இதழ் இதழாகப் பெயர்ந்து வந்தது. குறுக்குக் கம்பி பென்சில் கனத்துக்கு மெலிந்திருந்தது. மரக்காணத்து உப்பளக் காற்று. பதினைந்து வருஷத்துக்கு மேலாக அது இரும்பைத் தின்றிருக்கிறது, நான் கிளேஸைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் ஒரே யோசனை. கூரையை மட்டும் பிரித்து மாற்றுவதா, முழுவதும் இடித்து வேறு மாதிரி கட்டுவதா, இதுதான் சாக்கு என்று கேஸை விட்டு மின்சாரத்துக்குப் போய்விடுவதா, விறகுக்குத் திரும்புவதா? கேட்ட நாலு பேரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த யோசனையின் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகச் சூளை போட நினைக்கிறவர்கள் அநேகமாக "எவ்வளவு சூடு போகும், எவ்வளவு செலவாகும்" என்று இரண்டே கேள்வியோடு வருகிறார்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: இது எங்கே முதலில் உடையும், உடைந்தால் யார் வந்து சரிசெய்வார்கள்? சூளையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பழுதையும் சேர்த்தேதான் தேர்ந்தெடுக்கிறோம்.

மின்சாரம்

என் மகள் சொன்ன வழி இது. "பட்டனைத் தட்டிவிட்டுப் போய்த் தூங்கும்மா" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சென்னையில் மாடி வீட்டில் தொழில் செய்கிறவர்களுக்கு வேறு வழியே கிடையாது. புகை இல்லை, சிலிண்டர் இல்லை, கண்ட்ரோலரில் நிரலைப் போட்டுவிட்டால் மணிக்கு 60 டிகிரி, அப்புறம் 100 டிகிரி என்று அதுவே ஏறும். ஐந்தாறு கன அடிச் சூளைக்கு 10 கிலோவாட் பக்கம் பிடிக்கும். மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும். ஒரு சுடுதலுக்கு 50, 60 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் சுடுதலுக்கு, அதாவது கிளேஸ் போடுவதற்கு முந்தைய 1000 டிகிரி பிஸ்க்குக்கு, இதைவிட நிம்மதியான சூளை இல்லை.

எனக்கு இடிக்கிற இடம் ஆக்சிஜன். நான் செய்கிற பச்சையும் கறுப்பும் இரும்புதான். அதே இரும்பு காற்றோட்டமான நெருப்பில் மஞ்சளாகவும் பழுப்பாகவும் வரும், காற்றைக் குறைத்துப் புகைய விட்டால் பச்சையாகும். இது ஒன்றும் புதிய வித்தை இல்லை. கீழடியிலும் கொடுமணலிலும் கிடைக்கிற கறுப்பு-சிவப்புப் பானைகளில் வெளியே சிவப்பு, வாயும் உள்ளும் கறுப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாது, அந்தப் பக்கம் கறுத்துவிடும் என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு வேட்கோவருக்குத் தெரிந்திருக்கிறது.

மின்சாரச் சூளையின் கம்பிச்சுருள் பெரும்பாலும் காந்தல் என்கிற இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவை. அது சூடேறும்போது தன்மேல் அலுமினா தோல் ஒன்றை வளர்த்துக்கொள்கிறது; அந்தத் தோல்தான் அதன் ஆயுள். உள்ளே புகையை விட்டால் தோல் அரித்துப்போகும், கம்பி சீக்கிரம் செத்துப்போகும். எப்போதாவது ஒருமுறை செய்யலாம், வாரம் ஒருமுறை செய்ய முடியாது.

பழுதுக் கணக்கில் மின்சாரச் சூளை நல்ல பிள்ளைதான். செங்கல் கனமில்லாதது, சட்டம் சின்னது, இறங்குகிற கூரை கிடையாது. கெட்டுப்போவது நாலே சாமான்: கம்பி, ரிலே, சூட்டை அளக்கிற தெர்மோகப்பிள், மூடியின் கீல். வழக்கத்தைவிட ஒன்றிரண்டு மணி நேரம் கூட எடுக்க ஆரம்பித்தால் கம்பி கிழடாகிவிட்டது என்று பொருள். மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் புதிதில் இருந்ததைவிட ஏறியிருக்கும். மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், செட்டோடு மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரு தட்டு வெந்து, ஒரு தட்டு வேகாமல் கிடக்கும். பழைய கம்பியைக் குளிர்ந்த நிலையில் வளைத்தால் காய்ந்த ஈர்க்குச்சி போல ஒடியும் என்பதையும் ஒருமுறை ஒடித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

மின்வெட்டைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நிரல் மறுபடி தொடரும் கண்ட்ரோலராக வாங்கிவிட்டால் அரை மணி நேரம் போனாலும் சட்டி கெடாது.

விறகு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை நோக்கி வந்தால் இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. சவுக்கு நீண்ட சுவாலை தருகிற விறகு, சீக்கிரம் காயும், பிளக்க எளிது. 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு, இந்தப் பகுதியில் ஸ்டோன்வேர் என்கிற உயர்சூட்டுக் கெட்டி மண்பாண்டம் ஒரு தொழிலாகவே வேர்பிடித்தது. இன்றைக்குப் புதுச்சேரி, ஆரோவில் சுற்றுவட்டாரத்தில் பட்டறை வைத்திருக்கிற பலர் நேராகவோ சுற்றிவளைத்தோ அங்கே படித்தவர்கள். அதனால் விறகுச் சூளை என்பது எங்களுக்கு அந்நியமில்லை.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடந்தபோது தோப்புத் தோப்பாகச் சவுக்கு சாய்ந்தது. அடுத்த ஒரு வருஷம் சும்மா எடுத்துப் போகச் சொன்னார்கள். அப்போது நண்பர் ஒருவரோடு சேர்ந்து சின்ன விறகுச் சூளை ஒன்றைச் சளைக்காமல் ஓட்டினோம். பதினாலு, பதினாறு மணி நேரம். ஒரு சுடுதலுக்கு அறுநூறு, எழுநூறு கிலோ விறகு. 1240 டிகிரி தாண்டியதும் பறக்கிற சாம்பல் பானைத் தோளில் விழுந்து தானே கண்ணாடியாக உருகி ஒழுகும். அதை எந்த கேஸ் சூளையும் தராது. கடைசி மூன்று மணி நேரம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கட்டு போட வேண்டும். போட்டதும் புகைபோக்கி வாயில் ஒரு முழம் சுவாலை எட்டிப்பார்க்கும், அது உள்ளே இழுத்துக்கொண்டதும் அடுத்த கட்டு. அந்த மூச்சுக்குப் பழகிவிட்டால் சூடு காட்டுகிற பைரோமீட்டர் தேவைப்படாது.

ஆனால் விறகு, செங்கலையும் தானே தேர்ந்தெடுத்துவிடுகிறது. சாம்பலில் காரம் இருக்கிறது. சட்டியில் கிளேஸாகிற அதே காரம் சுவரையும் கிளேஸாக்கும். லேசான இன்சுலேஷன் செங்கலைச் சர்க்கரைக் கட்டி மாதிரி கரைத்துவிடும். அதனால் அடுப்பு வாயிலும் உள்முகத்திலும் கனமான ஃபயர் பிரிக்தான். கனமான செங்கல் என்றால் சட்டியைவிடச் சுவரைச் சூடாக்கத்தான் அதிக விறகு. புகைபோக்கிக்கும் கணக்கு இருக்கிறது: சுவாலை கீழ்நோக்கி இழுக்கப்படுகிற ஒவ்வொரு அடிக்கும் மூன்றடி, படுக்கையாகப் போகிற ஒவ்வொரு மூன்றடிக்கும் ஓரடி. மூன்றடி உயரமும் மூன்றடி ஆழமும் உள்ள சின்னச் சூளைக்கே பத்தடி. சாம்பல் தட்டு, கம்பித்தட்டு, அடுப்பு வளைவு, மூன்றும் மாற்றி மாற்றிப் போகும்.

எனக்கு வயது 54. கூட இரண்டு ஆள் இல்லாமல் விறகுச் சூளை நடத்த முடியாது. வருஷத்துக்கு நாலுமுறை நண்பர்களைக் கூட்டிச் சுடலாம், வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லிச் சுட முடியாது. அதோடு பக்கத்து மனையில் இப்போது வீடு வந்துவிட்டது. புகைக்குச் சண்டைக்கு வருவார்கள்; வந்தால் நியாயம் அவர்கள் பக்கம்தான்.

எங்கள் பக்கத்து வேளார் ஒருவர்

இந்தச் சமயத்தில் வில்லியனூர்ப் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தபோது, சுடுமண் பொம்மை செய்கிற பெரியவர் ஒருவர் சூளை வைப்பதைப் பார்க்க வாய்த்தது. இடுப்புயர மண்சுவர் மூன்று பக்கம். மேலே கூரையே கிடையாது. அடியில் வறட்டியும் விறகும், நடுவில் பொம்மைகள், இடுக்குகளில் உடைந்த ஓடு, மேலே வைக்கோல் பரப்பி அதன்மேல் சேறு பூசினார். சேற்றில் அங்கங்கே விரலால் துளை போட்டார். துளையில் வருகிற புகை வெளுத்ததும் ஒவ்வொன்றாக அடைத்தார். 700, 800 டிகிரிதான் போகும். அந்தக் களிமண்ணுக்கு அதற்குமேல் தேவையும் இல்லை. மணல் கலந்த மண் என்பதால் சூடு திடுக்கென்று ஏறினாலும் வெடிக்காமல் தாங்கிக்கொள்கிறது.

"உங்க சூளை கூரை இறங்கிச்சுன்னா என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டார். இரண்டு மாதமாக யோசிக்கிறேன் என்றேன். சிரித்துவிட்டு, "எனக்கு மாசாமாசம் புதுக் கூரை" என்றார்.

அடுத்தநாள் காலையில் மேலே இருந்த சேற்றுத் தோலை மண்வெட்டியால் உடைத்துத் தள்ளினார். பழுதுபார்ப்பது என்ற பேச்சே அங்கே இல்லை, ஏனென்றால் நிலையானது என்று அதில் ஒன்றும் இல்லை. இந்த முறையில் பத்துக்கு ஒன்றிரண்டு விரிசல் விடும், கிளேஸ் போட முடியாது, தண்ணீர் கசியும். ஆனால் 1280 டிகிரி தேவைப்படாதவர்கள், அதாவது பூத்தொட்டி, விளக்கு, பொம்மை செய்கிறவர்கள், ஆரம்பத்திலேயே லட்சங்களைக் கொட்டிச் சூளை வாங்குவதற்கு முன்னால் இப்படி ஒருவரிடம் போய் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

கேஸ்

எனக்குக் கேஸ்தான் என்று தீர்மானிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. 24 கன அடிச் சூளைக்கு ஒரு சுடுதலுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர் இரண்டு, இரண்டேகால் செலவாகிறது. தனி ஆளாக நடத்தலாம். புகைபோக்கியை மறைக்கிற தட்டான டாம்பரை ஒரு அங்குலம் உள்ளே தள்ளினால் புகையும், ஒரு அங்குலம் இழுத்தால் தெளியும். ஒன்றே ஒன்று: இரண்டு சிலிண்டர் கேஸ்தான் ஆகிறது என்று இரண்டே சிலிண்டரை மாட்டாதீர்கள். மணிக்கு மூன்றரைக் கிலோ உறிஞ்சினால் சிலிண்டர் குளிர்ந்து வெளியே பனி கட்டும், அழுத்தம் விழும், சரியாக 1200-ல் நின்றுவிடும். நாலை ஒரே குழாயில் இணைத்துப் போட்டால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும். பர்னர் வாயில் சிலந்தி கூடு கட்டுவது தவிரப் பெரிய பழுது ஒன்றும் பர்னரில் வந்ததில்லை.

ஆக எரிபொருள் மாறவில்லை. மாற வேண்டியது செங்கலும் கூரையும்.

கையில் தூக்கிப் பார்க்க வேண்டியது

செங்கலைப் பற்றிப் படிப்பதைவிடக் கையில் தூக்கிப் பார்ப்பது நல்லது. 9 அங்குலம், நாலரை, மூன்று என்ற ஒரே அளவில் இரண்டு செங்கல். கனமான ஃபயர் பிரிக் நாலு கிலோ. இன்சுலேஷன் செங்கல் ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ. நகத்தால் கீறினால் கோடு விழும், மரம் அறுக்கிற ரம்பத்தால் அறுக்கலாம். ஒவ்வொரு சுடுதலிலும் சட்டியோடு சேர்த்து அந்தக் கனத்தையும் 1280-க்குச் சூடாக்குகிறோம். ஆயிரம் செங்கல் சூளை என்றால் ஒன்று நாலு டன், இன்னொன்று ஒன்றேகால் டன். மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் எல்லோரும் லேசான செங்கலுக்குப் போகவேண்டியதுதானே? விலை இரண்டு, மூன்று மடங்கு. நான் இப்படிப் பார்க்கிறேன்: வருஷத்துக்கு நாலைந்து முறை சுடுகிறவருக்கு, காயலான் கடையில் பழைய பாய்லர் பிரித்துக் கிடைக்கிற ஃபயர் பிரிக் போதும், அதிகப்படி எரிபொருள் செலவு செங்கல் விலை வித்தியாசத்தை எட்டவே பல வருஷம் ஆகும். மாதத்துக்கு இரண்டு, மூன்று முறை சுடுகிறவருக்கு லேசான செங்கல், யோசனையே வேண்டாம். உப்பு, சோடா போட்டுச் சுடுகிறவர்கள் லேசானதை உள்முகத்தில் வைக்கவே கூடாது; விறகுக்குச் சொன்ன அதே காரணம்.

காயலான் கடையில் வாங்கும்போது இரண்டு சோதனை. ஒன்று, சுத்தியால் தட்டினால் கணீரென்று வெண்கலம் மாதிரி ஒலிக்க வேண்டும். சொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். இரண்டு, முகத்தில் பச்சையாகவோ கறுப்பாகவோ கண்ணாடிப் பூச்சு இருந்தால் அந்தப் பக்கத்தை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் அது உருகிச் சட்டியில் சொட்டும். ஐஎஸ் 8 என்ற தர முத்திரை இருந்தால் உள்ளுக்கு, ஐஎஸ் 6 என்றால் வெளிச்சுற்றுக்கும் புகைபோக்கிக்கும்.

மூன்றாவதாக செராமிக் ஃபைபர் போர்வை. வெல்டர் தம்பி இதைத்தான் அடித்துச் சொன்னான்: "அக்கா, டிரம் மாதிரி கூண்டு அடிச்சுத் தரேன், உள்ள பஞ்சு வெச்சுக் கட்டிடலாம், ரெண்டு நாள் வேலை." ராக்கு மாதிரி அரை மணியில் ஏற்றி, பழுக்கப் பழுக்க வெளியே எடுக்கிற வேலைக்கு அதுதான் சரி. 1280-க்கு வாராவாரம் ஏற்றினால் போர்வை சில சதவீதம் சுருங்கி, இணைப்பில் வாய் பிளக்கும். இன்னொன்று, பஞ்சு சூளை ஏறுவது போலவே சடாரென்று இறங்கும். எனக்குப் பளபளப்பில்லாத மேட் கிளேஸ் வேண்டும். அதில் படிகம் வளர மெதுவாக ஆற வேண்டும். 573 டிகிரியில் குவார்ட்ஸ் திடீரென்று சுருங்குகிற இடத்தைப் பதமாகத் தாண்டவும் வேண்டும், வேகமாகத் தாண்டினால் அகலத் தட்டுகள் டங்கென்று வெடிக்கும். சூளை ஆறும்போது அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

அதைவிட முக்கியமானது நுரையீரல். இந்த ஃபைபர் தூளைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவற்றின் பட்டியலில், 2பி என்ற பிரிவில், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ரொம்பச் சூடு கண்ட முகம் கிறிஸ்டோபலைட் என்ற சிலிகாவாகவும் மாறுகிறது. பழுதுபார்க்கிற அன்றைக்குத்தான் அந்தத் தூள் பறக்கும். அதனால் எனக்குப் போர்வை வேண்டும், ஆனால் வெளியே: உள்ளே நாலரை அங்குலம் லேசான செங்கல், அதற்கு வெளியே இரண்டு அங்குலப் போர்வை, அதன்மேல் சுண்ணாம்புக் காரை. அங்கே சூடு குறைவு, தூளும் வெளியே வராது.

சங்கிலி

கூரைக்கு வருவோம், எல்லாம் ஆரம்பித்த இடம் அதுதானே.

நேர்ச்சுவர் எழுப்பி மேலே தட்டையாக ஒரு வளைவு வைப்பது பழைய முறை. இதன் அருமை அடுக்கும்போது தெரியும். சுவர் செங்குத்தாக நிற்பதால் ஒரே அளவு ஷெல்ஃப் அடியிலிருந்து முடி வரை போகும், மூலைகூட வீணாகாது. விலை என்னவென்றால், வளைவு எப்போதும் இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை இரும்பு பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். திருச்சியிலோ சேலத்திலோ இருந்தால் நான் மறுபேச்சில்லாமல் இதையே மறுபடி கட்டியிருப்பேன். இங்கே இரும்புக்கு ஆயுள் கிடையாது. துருப்பிடிக்காத எஃகு போடலாமே என்றால் அதன் விலையில் பாதிச் சூளை கட்டிவிடலாம். செங்கலைக் கம்பியில் கோத்து இறுக்கித் தட்டையாகப் போடுகிற கூரையும் உண்டு. அதிலும் கம்பிதான் கூரை, ஆகவே அதே கதை.

இன்னொரு முறை சங்கிலி வளைவு. ஒரு சங்கிலியின் இரண்டு முனையையும் ஆணியில் மாட்டித் தொங்கவிட்டால் அது தன் கனத்தால் ஒரு வடிவம் எடுக்கும். அந்த வடிவில் இழுவிசை மட்டுமே இருக்கிறது. அப்படியே தலைகீழாகத் திருப்பிச் செங்கலில் கட்டினால் அமுக்கம் மட்டுமே இருக்கும். ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் இதைக் கண்டுபிடித்து, வேறு யாரும் திருடிவிடக் கூடாதென்று 1675-இல் எழுத்துகளை மாற்றிப் போட்டு லத்தீன் புதிராக அச்சிட்டார். இந்த வளைவு தரையிலிருந்தே எழும்பி, தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். சூடேறும்போது உச்சி சற்று எழும்பும், ஆறும்போது பழைய இடத்தில் உட்காரும். தள்ளுதல் எல்லாம் அடியில், தரையில். அங்கே இரண்டு பக்கமும் கான்கிரீட் திண்டு போதும். இரும்பு வேண்டாம்.

கொத்தனாருக்கு இது ஏறவில்லை. முப்பது வருஷம் கோயில் மதிலும் வீட்டு ஜன்னல் வளைவும் கட்டியவர். "ஆணி அடிச்சு நூல் புடிச்சு அரைவட்டம் போட்டா போதும்க்கா, இது என்ன முட்டை மாதிரி?" என்றார். பட்டறைச் சுவரில் ஒரு பிளைவுட் பலகையைச் சாத்தி, மேல் விளிம்பில் மூன்றரை அடி இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, மாட்டுச் சங்கிலி ஒன்றைத் தொங்கவிட்டேன். அடிப்பகுதி மூன்றேமுக்கால் அடிக்கு இறங்கும்வரை தளர்த்தினேன். பென்சிலால் கணுக்கணுவாகக் குறித்தோம். பலகையைத் திருப்பி நிறுத்தியதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தீப்பெட்டிகளை அரைவட்டமாக ஒன்றும் சங்கிலி வடிவில் ஒன்றும் அடுக்கி, மேலே கையால் அமுக்கிப் பார்த்தார். அரைவட்டம் அமுக்கினதும் இடுப்பில் பிதுங்கியது. சங்கிலி வடிவம் பிதுங்கவில்லை. "பக்கத்துக்குத் தள்ளலை" என்றார். பலகையைப் படம் எடுத்துத் தன் மருமகனுக்கு அனுப்பினார்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மேலே போகப் போகக் குறுகும். அடியில் இரண்டு ஷெல்ஃப் பக்கம் பக்கமாக வைத்தால், மேல்தட்டில் ஒன்றுதான். அளவுக் கணக்கில் 27 கன அடி வந்தாலும் அடுக்குகிற கணக்கில் பழைய 24-ஐவிடக் குறைவாகத்தான் வரும். உயரமான ஜாடி நடுவில் மட்டும் நிற்கும். கட்டுவதற்கு மரச்சட்டம் முழு உயரத்துக்கு வேண்டும். செங்கல் பக்கவாட்டில் நேரானது போதும், உச்சி நெருங்கும்போது ஆப்பு மாதிரி சீவியது வேண்டும்; லேசான செங்கல் என்பதால் தரையில் தேய்த்தே சீவிவிடலாம். வளைவுக்கு மட்டும் சுமார் 150 செங்கல் என்று கணக்கு வந்தது. காரை ரொம்ப மெல்லியது, மோர் பதம். செங்கலை முக்கி வைக்கிற மாதிரி. தடிமனாக அப்பினால் அது சுருங்கி, உதிர்ந்து, மறுபடி என் கிண்ணத்தில்தான் விழும்.

ஒட்டுப்போட்டால்?

பழுதுபார்ப்பதை நான் சும்மா ஒதுக்கவில்லை. கூரைக்கு அடியில் மரச்சட்டம் கொடுத்துத் தாங்கி, துருப்பிடித்த ஆங்கிளை வெட்டி எறிந்து, புதுக் கம்பி போட்டு, சரிவுக்கற்களை உள்ளே தள்ளி, வளைவை மட்டும் மறுபடி அடுக்குவது. செலவு புதிதாகக் கட்டுவதில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு வார வேலை. சுவர் நேராக இருந்து, கதவு ஓரம் தேயாமல் இருந்து, இரும்பு மட்டுமே போயிருந்தால் யாரும் இதைத்தான் செய்ய வேண்டும். இரண்டு செங்கலை மட்டும் மாற்றி, பிளவில் காரையைத் திணிப்பது மட்டும் வேண்டாம். வெளியிலிருந்து திணித்த காரை உள்ளே பிடிக்காது. அடுத்த சுடுதலில் தட்டில் இருக்கும்.

என் சுவரும் போயிருந்தது. தானே புயலில் கொட்டகைத் தகரம் பறந்து, சூளை இரண்டு நாள் மழையில் ஊறியது. லேசான செங்கல் பஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்கும். அவசரப்படாமல் ஒரு வாரம் சின்ன நெருப்பில் உலர்த்தினேன் என்றுதான் நினைத்தேன். அப்போதே பர்னர் வாய்ப் பக்கம் முகம் பொருக்குத் தட்டியது, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. கூரையை மட்டும் சரிசெய்தால் ஐந்து வருஷத்தில் சுவருக்கு அழ வேண்டும், அதற்குள் உப்புக்காற்று புது இரும்பையும் தொட்டிருக்கும்.

இடித்தோம். முகமூடி போட்டு, தண்ணீர் தெளித்து, மூன்று நாள். ஒவ்வொரு செங்கலையும் தட்டிப் பார்த்துக் குவித்ததில் பாதிக்கு மேல் நல்லவை. அவை வெளிச்சுற்றுக்கும் தரைக்கும் போகின்றன. ஆங்கிள் இரும்பை வெல்டர் தம்பி எடுத்துக்கொண்டான். சங்கிலி இன்னும் ஆணியில் தொங்குகிறது. கொத்தனார் ஆவணியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐப்பசி மழைக்கு முன்னால் உலர்த்து நெருப்பு வைத்துவிட வேண்டும்.

கதவு மட்டும் முடிவாகவில்லை. கீல் வைத்த கதவு என்றால் மறுபடி இரும்பு. செங்கலை அடுக்கி மூடுவதென்றால் ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம். பழைய சூளையில் அடுக்குகிற கதவுதான். இடம் மாறாமல் இருக்க ஒவ்வொரு செங்கலிலும் இரும்புச் சாயத்தால் எண் எழுதியிருந்தேன், ஒன்றிலிருந்து 46 வரை. அவற்றையும் கொத்தனார் தட்டிப் பார்த்துத் தனியாக அடுக்கி வைத்திருக்கிறார். 31 மட்டும் இரண்டு வருஷமாகக் காணோம், அதற்குப் பதில் அறுத்து வைத்த துண்டில் நான் எண் எழுதவே இல்லை.